நல்ல தண்ணீருக்கு ஒரு கணக்கு, சாக்கடைக்கு வேறு கணக்கு: கடற்கரை ஊர்களில் கட்டணத்தை எப்படி உயர்த்துவது?

கீழக்கரையிலும் இராமேஸ்வரத்திலும் குளியலறையில் ஓடும் தண்ணீரும் அடுப்படிப் பானையில் இருக்கும் தண்ணீரும் பல வீடுகளில் ஒன்றல்ல. புழங்குவதற்கு வீட்டு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வரும் உப்புத் தண்ணீர். சமைக்க, குடிக்க நகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீர். அது வராத நாளில் டிராக்டரிலோ வேனிலோ வரும் குடத் தண்ணீர். மூன்று வழியில் வந்தாலும் வெளியே போகும் வழி ஒன்றுதான்: கழிவுநீர்க் குழாய், அது இல்லாத தெருவில் செப்டிக் டேங்க்.

குடிநீர்க் கட்டணத்தையும் பாதாளச் சாக்கடைக் கட்டணத்தையும் உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வாதம் ‘எவ்வளவு’ என்பதிலேயே சுற்றுகிறது. ‘எதன் மேல்’ என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குள் போகும் தண்ணீரில் 80 விழுக்காடு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. குழாய்த் தண்ணீரை மட்டுமே நம்பிய ஊரில் அதை வைத்துத் தண்ணீர்க் கட்டணத்தில் இத்தனை பங்கு சாக்கடைக்கு என்று சேர்த்துவிடலாம். இங்கே அது பொய்த்துப்போகும். நகராட்சித் தண்ணீர் 200 லிட்டரும் போர் தண்ணீர் 500 லிட்டரும் செலவழிக்கும் வீட்டிலிருந்து நாளுக்கு 560 லிட்டர் கழிவுநீர் வரும். நகராட்சித் தண்ணீரை மட்டும் பார்த்தால் கணக்கில் வருவது 160 லிட்டர். மீதி 400 லிட்டரை இறைக்கும் மின்சாரத்தை யார் கட்டுவது? ஆகவே தண்ணீரை ஓர் அளவுகோலாலும் சாக்கடையை இன்னோர் அளவுகோலாலும் அளக்க வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு நிலைப்பாட்டில் நின்றுதான் எழுதப்படுகிறது.

செலவு எங்கே ஏறுகிறது

கட்டணமே உயரக் கூடாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வரும் காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கம் எடுக்கப்பட்டு, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டி, வழிநெடுக நீரேற்று நிலையங்களில் தள்ளப்பட்டு வருகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாகக் கொடுக்கும் அந்தத் தண்ணீருக்கு உள்ளாட்சி பணம் கட்ட வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்றால், எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மின்சாரத்துக்கு மட்டும் 24 முதல் 32 ரூபாய். சவ்வு மாற்றும் செலவும் ஆள் கூலியும் தனி. நரிப்பையூரில் 1990களில் அமைந்த கடல்நீர் நிலையத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு நிலையத்தைக் கட்டுவதைவிடக் கஷ்டம் வருடக்கணக்கில் ஓட்டுவதுதான்.

தேவையையும் பார்த்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் இராமநாதபுரம் நகரின் மக்கள்தொகை 61,440. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் அளவு. சாக்கடை இல்லாமல் குழாய் மட்டும் இருந்தால் 70 லிட்டர். அந்த மக்கள்தொகைக்கே முதல் அளவில் நாளுக்கு 83 லட்சம் லிட்டர் வேண்டும், இரண்டாவது அளவில் 43 லட்சம். பாதாளச் சாக்கடை போட்டவுடன் தண்ணீர்த் தேவையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது என்பதை நகர்மன்றத் தீர்மானங்கள் சொல்வதில்லை. குழாயில் ஓட்டம் குறைந்தால் மலம் நகராமல் படிந்து அடைக்கும்.

மக்கள் பக்கத்துக் கணக்கு இதைவிடக் கசப்பானது. ஒரு குடம் 15 லிட்டர், விலை 10 ரூபாய் என்று கொண்டால் ஆயிரம் லிட்டருக்கு 670 ரூபாய் ஆகிறது. நாளுக்கு 4 குடம் வாங்கும் வீடு மாதம் 1,200 ரூபாய் கொடுக்கிறது. ஏழைகள் தண்ணீருக்குப் பணம் கட்ட மாட்டார்கள் என்று பேசுகிறவர்கள், இரும்புத் தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் பெண்களிடம் விலை கேட்டுவிட்டு வந்து பேச வேண்டும். நல்ல தண்ணீருக்கு அதிக விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

வழி ஒன்று: எல்லோருக்கும் ஒரே உயர்வு

மாதம் 100 ரூபாய் என்றிருப்பதை 200 ஆக்குவது. இதற்கு அச்சடித்த ரசீது போதும், வேறெதுவும் வேண்டாம். அதனால்தான் முதலில் இது மேசைக்கு வருகிறது.

மூன்று இணைப்புகளை வைத்துப் பார்ப்போம். கட்டண எண்கள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். மீனவர் குடியிருப்பில் நாலு பேர் உள்ள வீடு, மாதம் 6,000 லிட்டர் பிடிக்கிறது. நடுத்தர வீடு, 12,000 லிட்டர். 30 அறை கொண்ட யாத்திரிகர் விடுதி, அறைக்கு இருவர், சராசரி 60 விழுக்காடு அறை நிரம்புகிறது. விடுதிப் படுக்கைக்கு நாளுக்கு 180 லிட்டர் என்ற அளவில் மாதம் 1,94,000 லிட்டர். வீடுகளுக்கு 200, விடுதிக்கு மூன்று மடங்காக 600 என்று வைத்தாலும், ஆயிரம் லிட்டருக்கு மீனவர் வீடு 33 ரூபாயும் நடுத்தர வீடு 17 ரூபாயும் கொடுக்க, விடுதி 3 ரூபாய் கொடுக்கிறது.

வசூலையும் பாருங்கள். 5,000 இணைப்பு, மாதம் 100 என்றால் ஆண்டுக் கேட்பு, அதாவது வசூலாக வேண்டிய தொகை, 60 லட்சம். அதில் 90 விழுக்காட்டை வசூலித்தால் 54 லட்சம். கட்டணத்தை இரட்டித்து, மக்கள் கோபத்தில் நிறுத்திவிட்டு வசூல் 45 விழுக்காட்டுக்கு இறங்கினாலும் அதே 54 லட்சம்தான். 90 விழுக்காடு வசூல் என்பது 2008-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் உள்ளாட்சிகளுக்கு வைத்த அளவுகோல். பழைய பாக்கியைத் தொடாமல் புதிய கட்டணம் போடும் நகராட்சி, ஒழுங்காகக் கட்டுகிறவரைத்தான் இரண்டாம் முறை தண்டிக்கிறது.

வழி இரண்டு: மீட்டர், படிநிலைக் கட்டணம்

காகிதத்தில் இதைவிட நியாயமானது இல்லை. மாதம் 30 ரூபாய் நிலைக்கட்டணம். 8,000 லிட்டர் வரை ஆயிரத்துக்கு 10 ரூபாய். 15,000 வரை 20. அதற்கு மேல் 40. வணிகத்துக்கு முதல் லிட்டரிலிருந்தே 60. மீனவர் வீடு 90 ரூபாய், நடுத்தர வீடு 190, விடுதி 11,670. விடுதிக்காரர் பதறுவார். அவருக்கு மாதம் 540 அறை-இரவு ஓடுகிறது, ஓர் இரவுக்கு 22 ரூபாய்கூட வராது.

ஆனால் மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் மீட்டர் சரியாக ஓடாது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிக் காற்று நிறைகிறது. அடுத்த முறை வால்வைத் திறந்தால் முன்னால் வரும் காற்று மீட்டரின் விசிறியைச் சுழற்றிக்கொண்டு வெளியேறும். குடம் நிறையாமலே எண் ஏறும். மீட்டருக்கு எதிரான போராட்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. மறுபக்கம், மிதவை வால்வு பாதி மூடிய சம்பில் தண்ணீர் நூலாக வடியும்போது விசிறி நகராது, அது நகராட்சிக்கு நஷ்டம். மணலும் உப்புப் படிவும் உள்ளே சேர்ந்தால் இரண்டு மூன்று வருடத்தில் மீட்டர் மந்தமாகிவிடும்.

தடுக்க வழி உண்டு. தெருக்குழாயின் மேடான இடங்களில் காற்று வால்வு வைக்க வேண்டும். மீட்டரைப் படுக்கைவாட்டில், முன்னால் நேர்க்குழாய் விட்டு, தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பள்ளமாக வளைத்துப் பொருத்தினால் எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்கும். முன்னால் வடிகட்டி ஒன்று, அதை மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். இதெல்லாம் சேர்ந்து ஓர் இணைப்புக்கு 3,000 ரூபாய் ஆகி ஏழு வருடம் உழைத்தால் மாதம் 36 ரூபாய் விழுகிறது. மாதம் 90 ரூபாய் கட்டும் வீட்டுக்கு 36 ரூபாய் மீட்டர் செலவு என்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

படிநிலையில் இன்னொரு பொறி. ஒரே வளவுக்குள் நாலு குடும்பம், ஒரே இணைப்பு. குடும்பத்துக்கு 6,000 என்று 24,000 லிட்டர் பிடித்தால் கடைசிப் படிக்குப் போய் 610 ரூபாய் வரும். அதே நாலு குடும்பமும் தனித்தனி இணைப்பு வைத்திருந்தால் மொத்தம் 360. படியின் எல்லையை ரேஷன் கார்டு எண்ணிக்கையால் பெருக்கினால் 270-இல் முடிந்துவிடும். தீர்மானத்தில் ஒரே வரியைச் சேர்த்தால் போதும். சேர்க்காவிட்டால் இருப்பதிலேயே ஏழைகள் மேல்தான் அதிகக் கட்டணம் விழும்.

வழி மூன்று: சொத்து வரியோடு சேர்ப்பது

சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி என்று வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு உண்டு. அதே போல இங்கேயும் பரப்பளவைப் பார்த்துப் போடலாம். பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, மீட்டர் பார்க்க ஆள் வேண்டாம், சிறிய வீட்டுக்குத் தானாகவே குறையும்.

தண்ணீருக்கு இது சரிப்படாது. கீழக்கரையில் பெரிய முற்றமும் பத்து அறையும் உள்ள வீட்டில் இரண்டு முதியவர்கள் இருப்பார்கள், பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும். பரப்பு பெரிது, தண்ணீர்ச் செலவு சிறிது. பக்கத்திலேயே 500 சதுர அடியில் ஏழு பேர். அதோடு 2022-ல் சொத்து வரி ஏறியபோது நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 அடிக்கு மேல் 100 விழுக்காடும் கூடியது. அந்த வடு ஆறவில்லை.

சாக்கடைக்கு என்றால் கதை வேறு. பாதாளச் சாக்கடையின் செலவில் பெரும்பகுதி, யார் எவ்வளவு ஊற்றினாலும் மாறாதது. ஏன் என்று தெரிய இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். தெருமுனையில் குறைந்த ஓட்டத்தில் 150 மி.மீ. குழாய் தானே கழுவிக்கொள்ள 1,000 மீட்டருக்கு 6 மீட்டர் வரை இறக்கம் வேண்டும். தட்டையான கடற்கரையில் இயற்கையான சரிவு கிடையாது, ஆகவே குழாயைத்தான் ஆழமாக்கிக்கொண்டே போக வேண்டும். 500 மீட்டர் ஓடுவதற்குள் 3 மீட்டர் இறங்கிவிடும். பல இடத்தில் அதற்கு முன்பே நிலத்தடி நீர் வந்துவிடுகிறது. அங்கே கழிவுநீரேற்று நிலையம் கட்டி மேலே தூக்கி, மறுபடி இறக்கத்தில் விட வேண்டும். குழாய் இணைப்பிலும் ஆள்நுழைவுக் குழியின் செங்கல் சுவரிலும் ஊறும் உப்புநீரையும் சேர்த்தே மோட்டார் இறைக்கிறது. மழைக்காலத்தில் ஓடும் நேரம் இன்னும் கூடும். அந்த உப்புநீரில் உள்ள சல்பேட்டைக் காற்றில்லாத குழாயில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்கும். அழுகிய முட்டை வாடை அதுதான். குழியின் மேற்பகுதியில் அது கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கும். சில வருடத்தில் மூடியைச் சுற்றிச் சிமெண்டு பொடியாக உதிரும். அதே வாயுதான் உள்ளே இறங்குகிற மனிதரைக் கொல்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை வலியுறுத்தி, இப்படி இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆள் இறங்காமல் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் வண்டிக்குப் பணம் இல்லை என்று எந்த நகராட்சியும் சொல்லக் கூடாது. சாக்கடைக் கட்டணத்தில் முதல் பங்கு அதற்குத்தான் போக வேண்டும்.

ஆகவே சாக்கடைக்கு வீடுகளில் கட்டடப் பரப்பு, விடுதிகளிலும் மண்டபங்களிலும் கழிப்பறை எண்ணிக்கை. விடுதி நகராட்சித் தண்ணீரை விட்டு போருக்கோ லாரிக்கோ மாறினாலும் இந்தக் கட்டணம் தப்பாது. மீட்டரை மட்டும் நம்பினால் கட்டணம் ஏறிய மறுமாதமே பெரிய விடுதிகள் லாரிக்குப் போய்விடும், கழிவு மட்டும் நம் குழாயில் வரும்.

பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் அந்தக் கட்டணம் வாங்குவது அநியாயம். அங்கே செப்டிக் டேங்க் மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டியது. நிரம்பி வழியும் வரை யாரும் எடுப்பதில்லை. ஒரு தடவைக்கு 1,800 ரூபாய் என்றால் மாதம் 50 வீதம் வாங்கிக்கொண்டு, நகராட்சியே வார்டு வாரியாகத் தேதி போட்டு லாரி அனுப்பலாம். மகாராஷ்டிராவின் வாய், சின்னர் ஊர்களில் 2018-லிருந்து இப்படி முறைவைத்து எடுக்கிறார்கள். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இந்த மணலில் டேங்க் வழிந்தால் அது பக்கத்து வீட்டு ஊற்றுக்குத்தான் போகிறது.

வழி நான்கு: உயர்த்தாமல் ஒழுகலை அடைப்பது

எதிர்ப்பாளர்கள் இதைச் சொன்னால் அதிகாரிகள் தட்டிக்கழிக்கிறார்கள். கணக்குப் போட்டால் தட்டிக்கழிக்க முடியாது. 3 மி.மீ. ஓட்டை, தரைத்தள வீட்டுக்கு வேண்டிய குறைந்த அழுத்தமான 7 மீட்டர் நீருயரம்: மணிக்கு சுமார் 180 லிட்டர் போகும். இரண்டு மணி நேரத்தில் ஐந்து பேர் வீட்டுக்கு 70 லிட்டர் வீதம் வர வேண்டிய 350 லிட்டரும் போய்விட்டது.

ஓட்டை எங்கே என்று தேட வேண்டியதில்லை. உங்கள் வீட்டு இணைப்புக் குழாய் தெருவோரச் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். அரை அங்குல இரும்புக் குழாய், உப்புக் காற்றில் துருவேறி, முழங்கை இணைப்பின் மரையில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டியிருக்கும். தண்ணீர் விடும்போது அங்கே பீச்சும். விட்டு நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். தெருவில் ஒருவர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் இழுப்பு இன்னும் பலமாகும். மறுமுறை முதல் குடம் கலங்கலாக, வாடையோடு வருவது அதனால்தான். தெருக்கடைசி வீட்டில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் மஞ்சள் நிறமே காட்டவில்லை என்றால் இந்த இடத்தைச் சந்தேகிக்கலாம். சாக்கடைக்கு மேலாக, இடையில் இணைப்பே இல்லாத ஒரே துண்டு பாலிஎத்திலீன் குழாயை உறைக்குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோனால் தீர்ந்தது. ஒரு தெருவுக்கு ஒரு நாள் வேலை.

இருந்தாலும் இது மட்டும் போதாது. ஒழுகலை அடைத்தால் தண்ணீர் மிஞ்சும், வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் கட்டும் பணம் முழுக்க மிஞ்சாது. கட்டணம் ஏறத்தான் வேண்டும், ஆனால் இதற்குப் பிறகு.

எதை ஆதரிக்கலாம்

மேல்நிலைத் தொட்டிகளின் வெளிக்குழாயில் முதலில் மீட்டர். எவ்வளவு அனுப்புகிறோம் என்றே தெரியாத ஊரில் வீட்டு மீட்டர் பேசுவதில் பயனில்லை. அடுத்து விடுதி, உணவகம், மண்டபம், மீன் பதப்படுத்தும் கூடம் என 20 மி.மீ.க்கு மேற்பட்ட எல்லா இணைப்புக்கும் மீட்டர், அளவுக்கேற்ற கட்டணம். வீடுகளுக்கு இப்போதைக்கு மாதக் கட்டணமே இருக்கட்டும். உயர்வு 100-லிருந்து 130 என்ற அளவில் நிற்கட்டும், அதுவும் தண்ணீர் விட்ட நாளோடு கட்டப்பட்டதாக. மாதம் 10 முறை என்று அறிவித்து 6 முறைதான் விட்டால் அந்த மாதம் 130-க்கு 78 ரூபாய் மட்டும். வால்வு திறப்பவரின் தினப் பதிவேட்டை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால் யாரும் சரிபார்க்கலாம். சாக்கடைக்கு மேலே சொன்ன தனிக் கணக்கு. தினமும் தண்ணீர் வரத் தொடங்கும் பகுதிகளில் மட்டும் அடுத்த கட்டமாக வீட்டு மீட்டர். நகராட்சிக் கணக்கில் குடிநீர், வடிகாலுக்கென்று தனி நிதி உண்டு. உயர்த்தி வாங்கும் பணம் அதை விட்டு வெளியே போகக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

ஆட்சேபணை மனு கொடுப்பவர்கள் ‘உயர்வு வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் ஒரு எண்ணாகப் போகும். காகிதத்தோடு போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆகவே தீர்மானம் வருகிறது என்று காதில் விழுந்த அன்றே போட்டுவிட வேண்டும். கேட்க வேண்டியவை: கடந்த மூன்று ஆண்டுக்கு வாரியத்திடம் வாங்கிய தண்ணீரின் மாதவாரி அளவும் பில்லும், நீரேற்று, கழிவுநீரேற்று நிலையங்களின் மின்கட்டணமும் மோட்டார் ஓடிய நேரப் பதிவும், குடிநீர்க் கட்டணத்தின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல், அதில் வணிக இணைப்புகள் தனியாக, விடுதிகளுக்கு என்ன அளவில் எத்தனை இணைப்பு என்ற பதிவேடு. கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் கேளுங்கள். வீட்டு இணைப்பு என்று பதிவாகி விடுதியாக ஓடும் கட்டடங்கள் எத்தனை என்பதைச் சொத்து வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஒரு மாலைக்குள் எண்ணிவிடலாம். அவற்றை வகை மாற்றினால் வரும் வருமானத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் வீடுகளிடம் உயர்வு கேட்க முடியும்.